அயனிக் கூட்டுக்குள் ஒரு சென்சார்

பிரசங்கம் இரண்டாம் குறிப்பைத் தொட்டதும் சர்ச்சின் ஃபேன்களெல்லாம் ஒருசேர நின்றன. பங்குனிப் புழுக்கம். சபையே திரும்பி ஈசாக்கைப் பார்த்தது. கடைசி பெஞ்சில் போதகரின் மனைவி ராஜபாய் மட்டும் குனிந்து பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடினார்.

ஆராதனை முடிந்தும் யாரும் ஃபேனை அணைக்காமல் போகிறார்களே என்று, ஆள் அசைந்தால் ஓடவும் அசைவில்லாவிட்டால் நிற்கவும் சென்சார் செய்து மாட்டியவர், டி.வி. ரிப்பேர் பார்க்கும் ஈசாக்தான். அயனி மரப் பலகையைத் தீப்பெட்டி அளவில் குடைந்து, பெஞ்சின் நிறத்திலேயே வார்னிஷ் அடித்து, அதற்கொரு கூடும் செய்திருந்தார். பின்சுவரில் இருக்கும் பழைய சுவிட்ச் போர்டை அவர் தொடவில்லை.

"அசைவில்லேன்னா அணையும், இல்லியா?" என்றார் சபையார் ஐயர் என்று அழைக்கும் போதகர். "அப்போ சபை மொத்தமும் உறங்கிச்சுன்னுல்லா உம்ம பெட்டி சொல்லுது?"

"அப்படியில்ல ஐயரே, நேரத்தைக் கொறச்சு வச்சிட்டேன். கூட்டி வைக்கேன்."

ஈசாக்கின் மகள் லிஜாவின் கல்யாண அறிவிப்பான ஓலையை மூன்று ஞாயிறு சபையில் வாசிக்க வேண்டியவர் இந்தப் போதகர்தான்.

"ஓலை வாசிச்சு முடியது வரை பொறுத்திருக்கலாம்லா?" என்றார் ஈசாக்கின் மனைவி ஆனந்தபாய். "அதுக்குள்ள ஒரு கண்டுபிடிப்பு."

நேரத்தைக் கூட்டியும் மறுவாரம் அதே இடத்தில் ஃபேன் நின்றது.

அதற்கடுத்த ஞாயிறு பாடகர் குழுப் பையன்களிடம் ஈசாக் கிசுகிசுத்தார்: "மக்கா, புத்தகத்தால விசிறிட்டே இருங்க. நிறுத்தாண்டாம்."

விசிறினார்கள். ஃபேன் நின்றது.

"போதும் நிறுத்துன்னு எனக்குக் கை காட்டுதானுவளா?" என்று கேட்டார் போதகர்.

ஈசாக் இரண்டாவது சென்சார் செய்து பிரசங்க பீடத்தை நோக்கி மாட்டினார். "சபை அசையாட்டாலும் நீங்க அசைவீங்கல்லா ஐயரே."

அந்த ஞாயிறு போதகர் இரண்டு கையையும் வீசி வீசிப் பிரசங்கித்தார். இரண்டாம் குறிப்பு வந்தது. ஃபேன் நின்றது.

"ஈசாக்கே," என்றார் அவர் பீடத்திலிருந்தே. "இப்போ நானும் உறங்கியாச்சு, அப்படித்தானே?"

அந்த வாரம் ஈசாக், ஓலைக்கு வேறு சபையைத் தேட முடியுமா என்றுகூட யோசித்தார்.

மறு ஞாயிறு போதகர் ஃபேனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே முதல் குறிப்போடு ஆமென் சொல்லிவிட்டார். ஃபேன் கடைசிவரை ஓடியது. வாசலில் அவர் கையைப் பிடித்தவர்களெல்லாம் நெஞ்சில் தைத்த பிரசங்கம் என்றார்கள். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஈசாக்கே, அடுத்த ஞாயிறு லிஜாவுக்க முதல் ஓலை. மறந்திராதேயும்."

ஈசாக்குக்குப் போன உயிர் வந்தது. இனி வம்பு வேண்டாமென்று, கூட்டம் கலைந்ததும் ஸ்க்ரூடிரைவரோடு ஏணியில் ஏறினார்.

கடைசி பெஞ்சிலிருந்து ராஜபாய் பதறி எழுந்தார்.

"அதைக் கழட்டாண்டாம் ஈசாக்கு அண்ணா. ஐயருக்குச் சுகர் உண்டு, நேரத்துக்குச் சாப்பிடணும். இனி பெட்டி இல்லாம நான் எப்படி சுவிட்ச அணைக்கது?"