மூன்று சக்கர விமானத்தின் அறிவிப்புகள்

திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டைக்கு விமானம் ஓட்டிய ஒரே மனிதர் அவர்தான். பார்ப்பவர்கள் அதை ஷேர் ஆட்டோ என்பார்கள். அவரிடம் அப்படிச் சொல்லிவிட முடியாது. "ப்ளேன் எறங்கசொல்ல பாத்துகீறீங்களா சார்? முன்னால ஒரு எடத்துல சக்கரம், பின்னால ரெண்டு எடத்துல. இதுலயும் அப்டித்தான கீது?" என்பார். எனக்குத் தெரிந்து இந்த வாதத்தை யாரும் முறியடித்ததில்லை.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஏதோ இருந்திருக்கும். ஊருக்கு அவர் டர்புலன்ஸ். நடுவானத்தில் காற்றில் சிக்கி விமானம் குலுங்குவதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் அந்த வார்த்தையை எங்கள் பக்கத்தில் அவர் அளவுக்கு உழைக்க வைத்தவர் கிடையாது. பள்ளத்துக்குப் பத்தடி முன்பே இடது கையை உயர்த்துவார். "டர்புலன்ஸ் வருது. கெட்டியா புடிச்சுக்கோங்க." உடனே எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர்களுக்காக, "கட்டிகா பட்டுகோண்டி." ஆந்திராக்காரர் ஒருவர்கூட வண்டியில் இல்லாவிட்டாலும் தெலுங்கு அறிவிப்பு உண்டு.

சாலையோடு நின்றதா அது? மாமியாரும் மருமகளும் வண்டியில் முறைத்துக்கொண்டால் பின்சீட்டில் டர்புலன்ஸ். முந்தின நாள் பரோட்டா ஒத்துக்கொள்ளாவிட்டால் உள்ளுக்குள் டர்புலன்ஸ். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் மலைப்படியில் நெருக்கியடித்தால் ஊருக்கே டர்புலன்ஸ். பொதட்டூர்பேட்டை மாட்டாஸ்பத்திரியில் குமாஸ்தாவாக இருந்த நான் ஒருநாள் உம்மென்று வந்து ஏறினேன்.

"இன்னா சார், வூட்ல டர்புலன்ஸா?"

உண்மைதான். அன்று காலை மனைவி வைத்த சாம்பாரைப் பற்றி ஒரு கருத்துச் சொல்லியிருந்தேன்.

"டர்புலன்ஸ்ல சீட்ட வுட்டு எழுந்துக்கக் கூடாது சார். நீங்க எழுந்து வந்துட்டீங்க. அதான் தப்பு."

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அவர் சொன்னபடியே நாற்காலியை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு வேலைக்கும் எழுந்திருக்கவில்லை என்று அது தனி வழக்காகி, ராத்திரி சாம்பாரே வைக்கவில்லை.

மார்கழி மாதத்தில் அவருடைய காலை ஏழு மணி வண்டி ஒரு சொப்பனம். மலையைப் பனி விழுங்கிவிட, கோபுரம் மட்டும் மேலே மிதக்கும். நூல் மூட்டையை மடியில் வைத்திருக்கும் நெசவாளர் அதன்மேலேயே கன்னத்தைச் சாய்த்துத் தூங்குவார். பூக்கார அம்மாவின் கூடையிலிருந்து சாமந்தி வாசனை வரும். ஏரிக்கரை ஏறியதும் இரண்டு பக்கமும் வெள்ளையாக ஒன்றுமில்லாமல் போய்விடும். வண்டிக்குக் கீழே சாலை இருக்கிறதா என்றே சந்தேகமாக இருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், பல நாள் நாங்கள் பறந்திருக்கிறோம்.

அப்படி ஒரு காலையில், பாதித் தூக்கத்தில் கேட்டேன். "நீங்க ப்ளேன்ல எந்த ஊருக்குப் போனீங்க?"

"நானா? ஏறினதே இல்லீங்க."

எனக்குத் தூக்கம் போய்விட்டது.

ஏறியது அவர் மனைவி ரேணு. நாலு வருஷத்துக்கு முன்னால் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவர். "மேல போனதும் குலுங்கிச்சாம் சார். மைக்குல இன்னாவோ சொன்னாங்களாம். இங்கிலீஷ்ல ஒரு தபா, அரபில ஒரு தபா. இவளுக்கு ஒண்ணும் பிரியல. அவ்ளோதான், எல்லாரும் போவப்போறோம்னு சொல்றாங்கன்னு நெனச்சுகினு, கண்ண மூடிகினு முருகா முருகான்னு உக்காந்துகினு இருந்தாளாம். அப்பால பக்கத்து சீட்டு ஆளுதான் டர்புலன்ஸ்னு சொல்லிச் சிரிச்சானாம். பிரியற மாதிரி ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருந்தா அவ்ளோ பயந்திருப்பாளா?"

அன்றிலிருந்து தன் வண்டியில் ஏறுகிறவர்களுக்கு இரண்டு மொழியில் முன்கூட்டியே சொல்லிவிடுவது என்று வைத்துக்கொண்டாராம். இத்தனை நாள் அவரைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். வெட்கமாக இருந்தது.

ரேணுவின் பயம் மட்டும் போகவில்லை. ஊருக்கு வர இரண்டு தடவை டிக்கெட் எடுத்து, இரண்டு தடவையும் விமான நிலைய வாசல் வரை வந்து திரும்பிப் போயிருக்கிறார். தை பிறந்ததும் மூன்றாவது டிக்கெட். "இந்த தபாவும் ஏறலன்னா, அவ அங்கயே, நான் இங்கயேன்னு ஆயிடும் சார்," என்றார். சொல்லும்போது பள்ளம் வந்தது. அறிவிக்க மறந்துவிட்டார்.

இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். விமானம் ஆடும்போது ரேணு காதில் மாட்டிக் கேட்க, தானே ஓர் அறிவிப்பைப் பதிவு செய்து அனுப்புவது. வீட்டில் உட்கார்ந்து பேசினால் உண்மையாக இருக்காதாம். ஓடுகிற வண்டியில், படுமோசமான இடத்தில்தான் பேச வேண்டும். போனைப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு.

முதல் முயற்சியில் பூக்கார அம்மா குறுக்கே வந்தார். "யாரு கூட நைனா பேசிகினு கீற?" இரண்டாவதில் நெசவாளர் திடுக்கிட்டு விழித்து, "ஸ்டாப்பிங் வந்துடுச்சா?" என்றார். மூன்றாவதில் டர்புலன்ஸ் தொண்டையைச் செருமினார், அதற்குமேல் பேச்சு வரவில்லை. நாலாவது தடவை ஏரிக்கரையில், பனிக்குள் வண்டி தூக்கித் தூக்கிப் போட, பதிவானது இது:

"ரேணு, நான்தான். இப்ப கொஞ்சம் ஆடும். நம்ம ஏரிக்கர ரோடு மாதிரிதான். கெட்டியா புடிச்சுக்க. இதோ... ஆங், இன்னொண்ணு வருது. அவ்ளோதான். முடிஞ்சிடுச்சு பாரு."

பின்னாலேயே பூக்கார அம்மாவின் குரல். "வாடி கண்ணு. பூ எடுத்து வெச்சுகீறேன்." அதை அழிக்க வேண்டாம் என்றார் டர்புலன்ஸ்.

ரேணு வந்து சேர வேண்டிய நாள் வந்தது. முந்தின ராத்திரியிலிருந்து ரேணுவின் போன் அணைந்து கிடந்தது. ஏறியிருந்தாலும் அணைந்திருக்கும், பயந்து திரும்பியிருந்தாலும் அணைந்திருக்கும். அன்று காலை வண்டியில் ஓர் அறிவிப்பும் இல்லை. அவர் வானத்தைப் பார்த்து ஓட்ட, நாங்கள் கம்பியில் தலையை முட்டிக்கொண்டே போனோம்.

சென்னையிலிருந்து வரும் பஸ் எப்படியும் திருத்தணிக்கு வரும். அதுவரை பொறுக்க முடியாமல் மத்தியானம், அதே சாலையில் முன்னாலேயே பஸ் நிற்கும் கனகம்மாசத்திரத்துக்கே எதிர்கொண்டு போனார். நான் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு ஏறிக்கொண்டேன். பூக்கார அம்மா கூடையோடு ஏறினார். நாலு பஸ் வந்து போனது. ஒவ்வொன்றின் ஜன்னலோரமும் ரேணுவின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார் டர்புலன்ஸ். அவற்றிலிருந்து இறங்கியவர்களை எல்லாம் கோபித்துக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

ஐந்தாவது பஸ்ஸின் பின்படியில் முதலில் ஒரு பெரிய பெட்டி இறங்கியது. பிறகு, தலைமுடி கலைந்து, கால் வீங்கி, ரேணு.

நாலு வருஷம் கழித்துப் பார்க்கிற மனைவியிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஆடிச்சா?"

"ஒரு எடத்துலகூட ஆடல."

அவர் முகம் விழுந்துவிட்டது. "அப்ப நான் பேசினத நீ கேக்கவே இல்லியா?"

"ஏறினதுல இருந்து எறங்கற வரிக்கும் அதத்தான் கேட்டுகினு வந்தேன்."

டர்புலன்ஸ் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார். தன் சீட்டில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். வண்டியைக் கிளப்ப அவருக்கு வெகு நேரம் ஆனது. பின்சீட்டில் நாங்கள் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம், யாருக்கும் அவசரம் இல்லை. சாயங்காலம் வரை அவர் அப்படியே உட்கார்ந்திருந்தாலும் நான் இறங்கியிருக்க மாட்டேன்.