ஏழு நாள் அண்ணேயும் என் வீட்டு வாசலும்

தீவையும் அக்கரையையும் சேர்த்துப் பார்த்தாலும், மழை பெய்தால் சந்தோஷப்படுகிற கான்ட்ராக்டர் பினாங்கில் ஒரே ஒருவர்தான். மற்றவர்களெல்லாம் வானத்தைத் திட்டிக்கொண்டு கான்வாஸைத் தேடி ஓடும்போது, இவர் மட்டும் மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்தி, ஈர மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்து, சந்தையில் மாம்பழம் வாங்க வந்தவரைப் போல முகர்ந்து பார்ப்பார். பாகான் டாலாமிலிருந்து சிம்பாங் அம்பாட் வரை எல்லாருக்கும் அவர் ‘ஏழு நாள் அண்ணே’. சொந்தப் பெயரை ஒருமுறை கேட்டேன். “அது எதுக்கு தம்பி? அடையாளக் கார்டுல பத்திரமா இருக்கு” என்றார்.

அவரை நான் தேடிப் போனதற்குக் காரணம் ஒரு பானை சாம்பார்.

ஜார்ஜ் டவுனில் பல வருஷம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, பாலத்தைத் தாண்டி சிம்பாங் அம்பாட்டில் ஒரு வரிசை வீடு வாங்கினோம். அந்தத் தாமான், அதாவது குடியிருப்பு, முன்பு நெல் வயலாக இருந்தது என்று விற்றவர்கள் யாரும் சொல்லவில்லை. தரைதான் சொன்னது. மழைக்காலத்தில் அடியிலிருந்த களிமண் வயிறு முட்டத் தண்ணீர் குடித்து உப்பும். கேட்டிலிருந்து போர்ச் வரை போட்டிருந்த சிமெண்டுத் தரை எழும்பிக்கொண்டு கேட்டைத் திறக்க விடாது. வெயில் காலத்தில் அதே மண் சுருங்கும், தரை இறங்கும், கேட்டுக்கு அடியில் பக்கத்து வீட்டுப் பூனை குடும்பத்தோடு போய்வரும். இரண்டு தடவை ஆள் வைத்து மேலே பூசினோம். இரண்டு பேருமே “இனிமே ஒண்ணும் ஆகாது” என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்தான். அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை.

என் மனைவி வசந்தி அப்போதுதான் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, வீட்டிலேயே இட்லி சாம்பார் செய்து ஆர்டருக்குக் கொடுக்கத் தொடங்கியிருந்தாள். ஒருநாள் காலையில் பானையைத் தள்ளுவண்டியில் வைத்து கேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். சக்கரம் தரையில் இருந்த வெடிப்பில் இறங்கியது. நாற்பது பேர் சாப்பிட வேண்டிய சாம்பாரை அந்த வெடிப்பு ஒரே மடக்கில் குடித்துவிட்டது.

வசந்தி அழவில்லை, கத்தவில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“கெலுகோர்ல காலேஜ் கேண்டீன் ஆர்டர் கெடச்சிருக்கு. அடுத்த மாசம் ரெண்டாவது செவ்வாக்கெழம ஆரம்பம். மொத நாளே தவறுச்சுன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. வேன் உள்ள வந்து நிக்கணும், பானை ஆடாம ஏறணும். இந்தத் தரைய நீங்க சரி பண்ணிக் குடுக்குறீங்களா, இல்ல நான் திரும்ப ஃபேக்டரிக்கே போகவா?”

அன்று சாயங்காலமே நான் பாகான் டாலாமில், ஏழு நாள் அண்ணே வீட்டு வாசலில் இருந்தேன்.

மறுநாள் வந்த ஏழு நாள் அண்ணே, அளவு நாடாவை எடுக்கவே இல்லை. வெடிப்புக்குள் கையை விட்டு ஒரு கட்டி மண்ணைத் தோண்டி எடுத்தார். தண்ணீர் கேட்டார். குடிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து வசந்தி நல்ல டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தாள். அதை மண்ணில் ஊற்றிப் பிசைந்தார். பிறகு படியில் உட்கார்ந்து, அந்த மண்ணை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து மெல்லிய கயிறாகத் திரித்தார். அது நீண்டுகொண்டே போனது. அறுந்து விழவில்லை.

“இவரு தரை போட வந்தாரா, இடியாப்பம் புழிய வந்தாரா?” என்று வசந்தி என் காதில் கேட்டாள்.

“பாத்தியா தம்பி, எவ்வளவு நீளம் போகுது. இது லேசுப்பட்ட மண்ணு இல்ல. நல்லா தண்ணி குடிக்கிற சாதி” என்றார் அவர், சம்பந்தம் பேச வந்த இடத்தில் பெண்ணைப் பிடித்துப்போனவர் மாதிரி. மிச்ச மண்ணை உருண்டையாக்கி எங்கள் மதிலின் மேல் வெயிலில் வைத்தார். “நாளன்னிக்கு வந்து பாக்குறேன். அதுக்குள்ள யாரும் தொடாதீங்க.”

உருண்டை இரண்டு நாளில் சுருங்கி மூன்றாகப் பிளந்தது. அவர் வந்து பார்த்துவிட்டு, பேரன் பரீட்சையில் தேறியது போல எல்லாரிடமும் காட்டினார்.

அவர் பெயரில் இருந்த ஏழு நாள் என்பது கான்கிரீட் ஊற்றின பிறகுதான் ஆரம்பம், அதற்கு முன்னால் இரண்டு வாரம் இருக்கிறது என்று அதற்கப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது. பழைய தரையை உடைத்து அள்ளினார். முழங்கால் ஆழத்துக்குக் களிமண்ணைத் தோண்டி வெளியே போட்டார். சரி, கல்லைக் கொட்டி வேலையை ஆரம்பிப்பார் என்று பார்த்தால், ரப்பர் குழாயை எடுத்து அந்தப் பள்ளத்துக்குத் தண்ணீர் விட ஆரம்பித்தார். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். மேலே ஈரச் சாக்கு வேறு.

பக்கத்து வீட்டு சீன அங்கிள் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, “தானாம் பாடி கா?” என்று கேட்டார். நெல் நடுகிறீர்களா என்று மலாயில் கேட்கிறார். நானும் அதைத்தான் கேட்க நினைத்திருந்தேன்.

“ஏண்ணே, தண்ணி பட்டாதானே இந்த மண்ணு உப்புது? நீங்களே ஊத்துறீங்களே?”

“உப்பணும்லா. இப்பவே உப்பட்டும். காஞ்ச மண்ணு மேல தரைய போட்டா, அது பின்னாடி தண்ணி குடிச்சு உன் தரையத் தூக்கும். வேணுங்கிறத முன்னாடியே குடுத்துட்டா அது பாட்டுக்குச் சும்மா கெடக்கும். அப்புறம் அது காயவும் கூடாது, அதிகமா குடிக்கவும் கூடாது. ஆமா, கூரைத் தண்ணிக் குழாய் எங்க விழுது?”

கூரைத் தண்ணீர் நேராகத் தரையின் ஓரத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது. நான் காட்டியதும் அவர் என்னைப் பார்த்த மாதிரி, ஆபீஸில் என் தலைமை குமாஸ்தாகூட முப்பது வருஷத்தில் பார்த்ததில்லை. அன்றைக்கே குழாயைத் திருப்பி வாய்க்காலில் விட்டார். பிறகுதான் கல் வந்தது. அதையும் மொத்தமாகக் கொட்டவில்லை. கொஞ்சம் கொட்டுவார், மெஷினை வைத்து இடிப்பார், மறுபடி கொஞ்சம் கொட்டுவார். கம்பி வலையைத் தரையில் படாமல் சின்னச் சின்ன சிமெண்டுக் கட்டைகளின் மேல் தூக்கி வைத்தார். வீட்டுச் சுவரும் தரையும் சேர்கிற இடத்தில் ரப்பர் பட்டையைச் செருகினார். தரை அசைந்தால் சுவரை இழுக்கக் கூடாதாம்.

ஒரு திங்கட்கிழமை விடிந்ததும் கான்கிரீட் லோரி வந்தது. கலவை சுலபமாக ஓடட்டும் என்று டிரைவர் அதில் கொஞ்சம் தண்ணீர் விடப் போனார். இரண்டு வாரம் மண்ணுக்குத் தண்ணீர் ஊட்டிய அதே மனிதர், கலவைக்கு ஒரு சொட்டு விடக்கூடாது என்று லோரிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எட்டரை மணிக்கு வேலை முடிந்தது. வழுவழுவென்று, பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. மறுநாள் காலையில் ரம்பம் போடும் சத்தம் கேட்டு ஓடிவந்து பார்த்தால், அந்த அழகான தரையை அண்ணே குறுக்கே அறுத்துக்கொண்டிருக்கிறார்.

“புதுத் தரைய ஏண்ணே வெட்டுறீங்க?”

“வெடிக்காத சிமெண்டு கெடையாது தம்பி. வெடிக்காதுன்னு எவனாச்சும் சொன்னா அவன் போன் எடுக்க மாட்டான். வெடிக்கணும்னா இந்தக் கோட்டுக்குள்ள வெடிக்கட்டும்னு எடம் ஒதுக்கிக் குடுக்குறேன். கோட்டுக்கு வெளிய ஒரு முடி கனத்துக்கு வெடிச்சாலும் என்னைக் கூப்பிடு. வந்து மறுபடி போட்டுத் தரேன்.”

போன் விஷயத்தை நான் அவரிடம் சொல்லியிருக்கவே இல்லை.

பிறகு ஆரம்பித்தது அந்த ஏழு நாள். தரை முழுக்க ஈரச் சாக்கைப் பரப்பி, கேட்டை ஒட்டி பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, குடை பிடித்துக்கொண்டு அண்ணே உட்கார்ந்துவிட்டார். சாக்கு காய்ந்தால் தண்ணீர் தெளிப்பார். நாங்கள் சுவரோரமாகப் பலகை போட்டு வீட்டுக்குள் போய்வந்தோம். தபால்காரரிடம்கூடக் கடிதத்தை இவரே கைநீட்டி வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை, அதாவது ஐந்தாம் நாள், வசந்தியின் தம்பி குமார் வேனோடு வந்துவிட்டான். பழைய வேன்தான். ஆனால் வசந்தி தன் பெயரில் வாங்கிய முதல் வண்டி. கண்ணாடியில் மாலை, முகப்பில் சந்தனம் குங்குமம், நான்கு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம். கோயிலில் கேட்டு நல்ல நேரம் குறித்துக்கொண்டு வந்திருந்தான். நாங்கள் சொல்வதற்குள் தேங்காயை உடைத்து, வண்டியை நகர்த்தி, நான்கு பழத்தையும் ரோட்டிலேயே நசுக்கிவிட்டான்.

“பழம் நசுக்குன வண்டி வீட்டுக்குள்ள போயே ஆகணும். நாற்காலிய எடுங்கண்ணே.”

“ரெண்டு நாள் கழிச்சு வா.”

“நல்ல நேரம் இன்னும் இருபது நிமிஷந்தான் இருக்கு.”

“சிமெண்டுக்கு நேரம் தெரியாது தம்பி. நாளு மட்டுந்தான் தெரியும்.”

குமார் எஞ்சினை உறுமவிட்டான். அண்ணே குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். எழுந்திருக்கவில்லை. சீன அங்கிள் தன் நாற்காலியைக் கொண்டுவந்து மதிலோரமாகப் போட்டுக்கொண்டார். நானோ, எல்லா நெருக்கடியிலும் செய்வதைப் போல, இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

வசந்தி ஆரத்தித் தட்டோடு வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அண்ணேயின் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

“அண்ணே, அஞ்சு நாளாச்சு. தரை கல்லு மாதிரி இருக்கு. இன்னும் என்ன காயணும்?”

“காயக் கூடாதும்மா. அதுக்குத்தான் இந்தச் சாக்கு. மேல பாக்க ஆன மாதிரி இருக்கும். உள்ள இன்னும் வேகுது.”

வசந்தி குனிந்து ஒரு சாக்கின் ஓரத்தைத் தூக்கினாள். உள்ளங்கையைத் தரையில் வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு சாக்கைப் பழையபடி மூடி, ஓரத்தை நீவிவிட்டு நிமிர்ந்தாள்.

“குமாரு, வண்டிய ரோட்டோரமா புல்லு மேல நிப்பாட்டு.”

“அக்கா, நல்ல நேரம்...”

“இட்லி வேகும்போது நீ வந்து மூடியைத் தொறந்தா நான் விடுவேனா? வண்டிய எறக்குடா கீழ.”

ஆரத்தி ரோட்டோரத்திலேயே நடந்தது. அண்ணே நாற்காலியில் உட்கார்ந்தபடியே திருநீறு வாங்கிக்கொண்டார். அடுத்த இரண்டு நாளும் சாக்குக்குத் தண்ணீர் தெளித்தது வசந்திதான். அண்ணே பக்கத்தில் உட்கார்ந்து, “அந்த மூலையில கொஞ்சம்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார். “ஏழு நாள் முடிஞ்சிருச்சும்மா. வண்டிய ஏத்தலாம்.”

“இப்ப ராகு காலம்ணே. ஒம்பது மணிக்கு மேலதான்” என்றாள் வசந்தி.

வாழ்நாள் முழுக்க ஊரையே காத்திருக்க வைத்த மனிதர், மறுபடி உட்கார்ந்து அரைமணி நேரம் காத்திருந்தார். மறுநாள் விடிகாலையில் தள்ளுவண்டி அந்தத் தரையில் உருண்டபோது பானை மூடிகூடச் சத்தம் போடவில்லை. கெலுகோருக்கு முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தோம். அந்த ஆர்டர் இன்றுவரை வசந்தியிடம்தான் இருக்கிறது.

அதற்கப்புறம் வருஷத்துக்கு இரண்டு தடவை அண்ணே வருவார். வெயில் உச்சத்தில் ஒரு தடவை, பெருமழை ஓய்ந்ததும் ஒரு தடவை. போன் பண்ண மாட்டார். கேட்டைத் திறந்து நேராகத் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, ஒரு கண்ணை மூடி மேடு பள்ளம் பார்ப்பார். முதல் தடவை அந்தக் கோலத்தைப் பார்த்த சீன அங்கிள், ஆள் போய்விட்டார் என்று நினைத்து, தலைவலித் தைலத்தோடு மதில் ஏறிக் குதித்தார். அண்ணே அசையாமல், “ஒண்ணும் இல்ல, வெடிக்கல” என்றார், தமிழில்.

இந்த வருஷம் வெயில் முடிந்தும் அவர் வரவில்லை. எனக்கு என்னவோ போல இருந்தது. கேட்டுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். கடைசியில் நானே போன் போட்டேன்.

“முட்டி வலிலா தம்பி. மகன் மோட்டார் சாவிய ஒளிச்சு வச்சுட்டான். வேலையும் இல்ல. மூணே நாள்ல முடிச்சுத் தரேங்குறவன்கிட்டதான் எல்லாரும் போறாங்க. டிவி பாத்துக்கிட்டு கெடக்குறேன்.”

அந்தக் குரல் அவருடைய குரலாகவே இல்லை. எனக்குத் தாங்கவில்லை. யோசிக்காமல் சொன்னேன்.

“அண்ணே, கேட்டுப் பக்கத்துல முடி கனத்துக்கு ஒரு வெடிப்பு தெரியுது.”

டிவி சத்தம் நின்றது. பிறகு கேட்டார்: “கோட்டுக்குள்ளயா, வெளியயா?”

“வெளியண்ணே.”

மறுநாள் காலை ஏழு மணிக்கு மகனின் கார் வந்து நின்றது. அண்ணே கதவைப் பிடித்து இறங்கி, என்னிடம் முகம் கொடுத்துப் பேசாமல், மெதுவாக முட்டியை மடக்கித் தரையில் படுத்தார். ஒரு மணி நேரம் அங்குலம் அங்குலமாகத் தேடினார். வசந்தி இட்லித் தட்டை அவர் தலைமாட்டிலேயே கொண்டுவந்து வைத்தாள். கடைசியில் எழுந்து உட்கார்ந்து, முழங்கைத் தூசியைத் தட்டிவிட்டார். முகம் பழையபடி ஆகியிருந்தது.

“பொய் சொல்லியிருக்க.”

“ஆமாண்ணே.”

ஓர் இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் தோய்த்துக்கொண்டே, மகனுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: “மழை ஓஞ்சதும் இன்னொரு தடவ சொல்லு.”

பெருமழை வந்து ஓய இன்னும் நாள் இருக்கிறது. எந்த மூலையில் வெடிப்பு என்று சொல்வதென்று நானும் வசந்தியும் இப்போதே பேசி வைத்துவிட்டோம்.