முள்ளுக்காரர் மாட்டிய கனெக்டர்

நாலு வருஷமாக இதை எழுத உட்கார்ந்து, முதல் பக்கத்தோடு கிழித்துப் போட்ட தாள்களைச் சேர்த்தால் ஒரு நோட்டு தேறும். எட்டாவது வரை படித்தவளுக்கு எழுத வராது என்பது எனக்கு நானே சொல்லிக்கொண்ட சாக்கு. உண்மையில் அது வெட்கம். இந்த வருஷம் வெட்கத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஆனால் சிரிக்க வேண்டியது என்னைப் பார்த்து. இத்தனை நாளும் எங்கள் ஊர் வேறொருவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது.

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் கரண்டால் ஏமாற்ற முடியாத மனிதர் ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் எங்கள் ஊர் முள்ளுக்காரர். புதுச்சத்திரத்திலிருந்து கூப்பிடு தூரம் எங்கள் ஊர்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். கழுத்தில் கறுப்பு வாரில் ஒரு பழைய மீட்டர் எந்நேரமும் தொங்கும். எண் காட்டுகிற புது மீட்டர் இல்லை. கண்ணாடிக்குள் முள் ஆடுகிற மீட்டர். கரண்டு இருந்தால் முள் எழுந்து சாயும், இல்லாவிட்டால் படுத்துக்கிடக்கும். உலகத்தில் அந்த முள் சொல்வது ஒன்றுதான் அவருக்குச் சத்தியம். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் எலக்ட்ரீசியனாக முப்பது வருஷம் வடநாடெல்லாம் போர்வெல் போட்டுச் சுற்றியவர், சம்பாதித்துக்கொண்டு வந்த சொத்தும் அந்த மீட்டர்தான் என்று அவர் சம்சாரம் சொல்லும். "எனக்கு ஒரு தாலி, அவருக்கு ஒரு தாலி" என்றும் சொல்லும்.

ஒரு கல்யாணப் பந்தியில் எலுமிச்சை ஊறுகாயில் ஒரு செப்புக் கம்பியையும் ஒரு ஆணியையும் குத்தி, மீட்டரை வைத்துப் பார்த்தார். முள் லேசாக அசைந்தது. ஊறுகாய்க்கு உயிர் இருக்கிறதென்று சொல்லி அதைத் தொடாமல் தள்ளி வைத்தார். அந்த வரிசையில் யாரும் ஊறுகாய் தொடவில்லை. பரிமாறியவர்கள் இன்னும் அவரோடு பேசுவதில்லை. ஒருதரம் காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போனவர், நர்சம்மா வெப்பமானியை நீட்டியதும் "இதுல முள்ளு எங்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். முள்ளில்லாத கருவி சொல்லுகிற காய்ச்சலை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று சுக்குக் காப்பி குடித்துத் திரும்பி வந்துவிட்டார்.

எனக்கு அவர்மேல் கொஞ்சம் கோபமும் இருந்தது. நான் விளக்கேற்றாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவள். அவர் கோயிலுக்குள்ளும் மீட்டரோடு வருவார். மாரியம்மன் நோன்பித் திருவிழாவில் சன்னதிக் கம்பிக் கதவில் இரண்டு ஒயரையும் வைத்து அவர் குனிந்து நின்றதைப் பார்த்து, சாமிக்கு முள்ளு ஆடுதா என்று குத்தலாகக் கேட்டேன்.

"சாமிக்கு ஆடாதுங்க அம்மிணி. சாமிக்கு லைட்டுப் போட்டவனுக்கு ஆடுது. கதவத் தொட்றாதீங்க" என்றார்.

சீரியல் பல்பு ஒயர் தோலுரிந்து கதவில் கரண்டு கசிந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அவர் பார்க்காவிட்டால் கும்பிட வந்த நாங்கள் எத்தனை பேர் செத்துப்போயிருப்போமோ. அதிலிருந்து கோயில் லைட் வேலை வருஷா வருஷம் அவருக்குத்தான். எந்த வேலை முடித்தாலும், யாரும் கேட்காவிட்டாலும், ஒரு வாசகம் சொல்வார்: "முப்பது வருஷத்துல ஒரு கனெக்சன் நான் இறுக்காம உட்டதில்லைங்க." வேட்டியை இறுக்கிக் கட்டினாலும் அதையே சொல்வார் என்று ஊரில் கேலி உண்டு.

இனி என் வண்டிக்கு வருகிறேன்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். லோடு ஏற்றிப் போனால் இருபது நாள், இருபத்தைந்து நாள். நான் யாரையும் எதிர்பார்க்காமல் போய்வர வேண்டும் என்று ஒரு பேட்டரி ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தார். நாற்பத்திரண்டு வயதில் இரண்டு முறை வேலியில் விழுந்து கற்றுக்கொண்டேன். பிறகு என்னை யாராலும் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் நாமக்கல் ஆஞ்சநேயரைப் பார்க்க நானே ஓட்டிக்கொண்டு போவேன்.

இது ஒருவருக்குப் பிடிக்கவில்லை. என் வீட்டுக்காரருடைய அண்ணன், கோழிப்பண்ணை வைத்திருப்பவர். நான் மாமா என்று கூப்பிடுவேன். என் வண்டியைப் பார்த்தால் முட்டை உடைந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். கோயிலுக்குப் போக வேண்டுமானால் முட்டை வேன் போகும்போது ஏறிக்கொள்ளலாமே, பொம்பளைக்குத் தனியாக எதற்கு வண்டி என்பது அவர் கட்சி. முட்டை வேன் போகும் நாளில்தான் நான் கும்பிட வேண்டும், அது திரும்பும் நேரத்தில்தான் பிரார்த்தனை முடிய வேண்டும் என்று அர்த்தம்.

அந்த ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் முள்ளுக்காரர் வந்து வண்டியைப் பார்த்துக் கொடுத்தார். சீட்டுக்கு அடியிலிருக்கும் பேட்டரியைக் கழற்றி, வண்டியோடு சேர்கிற கனெக்டரின் ஸ்குரூவையும் கழற்றித் துடைத்து, திரும்ப இறுக்கி மாட்டி, தன் வாசகத்தையும் சொல்லிவிட்டு, மகளைப் பார்க்கக் கெங்கவல்லிக்குப் பஸ் ஏறினார்.

பூஜையன்று வண்டியைக் கழுவித் துடைத்து, மாலை போட்டு, ஒரு இடம் விடாமல் பொட்டு வைத்தேன். பேட்டரியையும் எடுத்துத் துடைத்து, வாழையிலையில் அரிவாள்மனைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது. மறுநாள் காலை பேட்டரியை மாட்டி, சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, ஏற்றி நசுக்கிக்கொண்டு புறப்படலாம் என்று சாவியைத் திருப்பினேன்.

ஒன்றுமில்லை. முன்னால் வெளிச்சம் வரவில்லை. ஹாரன் இல்லை. எலுமிச்சம்பழம் என்னைப் பார்த்துக்கொண்டு முழுசாக உட்கார்ந்திருந்தது.

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு டிரைவர், இரண்டு வீட்டுக்கு ஒரு மெக்கானிக். எல்லாரும் வந்தார்கள். அத்தனை பேரும் லாரிக்காரர்கள். ஒருவர் டீசல் பில்டர் அடைத்திருக்கும் என்றார். டீசலே கிடையாது என்றேன். அப்படியானால் ஏர் பிடித்திருக்கும் என்றார். இன்னொருவர் எலுமிச்சம்பழத்தை ஒதுக்கிவிட்டு, நாலு பேரை வைத்துத் தெருமுனை வரை தள்ள வைத்தார். தள்ளினவர்களுக்குத்தான் மூச்சு வாங்கியது. வண்டி திரும்பி வந்து நின்றதும் பழத்தைப் பழையபடி சக்கரத்துக்கு முன்னால் வைத்தேன். பேட்டரியில் தனியாக இருக்கிற ஓட்டையில் சார்ஜர் போட்டால் பச்சை விளக்கு எரிகிறது. வண்டியில் வைத்தால் செத்துக் கிடக்கிறது. வாங்கின கடைக்குப் போன் போட்டால், கண்ட்ரோலர் போயிருக்கும், புதுசு எப்போது வருமென்று சொல்ல முடியாது என்றார்கள். வண்டியைக் கண்ணால் பார்க்காமலே சொன்னார்கள்.

மாமாவுக்கு இது போதும். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் வண்டி ஓடாவிட்டால் முட்டை வேனில் ஏற்றிச் சேலத்தில் வந்த விலைக்குத் தள்ளிவிடுவதாகத் தெருவில் நின்று சொன்னார். என் வீட்டுக்காரரிடம் போனில் தலையாட்டலும் வாங்கிவிட்டார். லாரி ஓட்டிக்கொண்டிருப்பவர் அண்ணனோடு எவ்வளவு நேரம் சண்டை போடுவார். விற்றால் மறு வண்டி வராது. எனக்குத் தெரியும், மாமாவுக்கும் தெரியும்.

முள்ளுக்காரருக்குப் போன் செய்தேன். "சனிக்கிழம வாரேன். அது வரைக்கும் ஒருத்தனையும் தொட உடாதீங்க" என்று வைத்துவிட்டார்.

அது புரட்டாசிச் சனிக்கிழமை. காலையிலேயே மாமா வெள்ளை வேட்டியோடு வந்துவிட்டார். வேன் வந்தது. பலகை வந்தது. கயிறு வந்தது. பதினோரு மணியாகியும் முள்ளுக்காரர் வரவில்லை. கயிற்றை அவிழ்த்ததும் நான் போய் வண்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"எறங்கு சாமி. நேரமாச்சு" என்றார் மாமா.

"கட்டறதுன்னா என்னையும் சேத்துக் கட்டுங்க மாமா. ரெண்டு பேரையும் வித்துப்போட்டு வாங்க."

மாமாவை எதிர்த்து நான் வாய் திறந்தது அதுதான் முதல். வேன் டிரைவர் கயிற்றைச் சுருட்டுவதா விரிப்பதா என்று தெரியாமல் தன் கையிலேயே சுற்றிக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் முள்ளுக்காரர் துணிப்பையோடு வந்து சேர்ந்தார். என்னை இறங்கச் சொல்லவில்லை. சீட்டைத் திறக்க வேண்டும் என்றதும் நானே இறங்கினேன். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பேட்டரி முனையில் மீட்டர் ஒயரை அழுத்திக் குத்தினார். முள் எழுந்து நின்றது. பியூஸ் பார்த்தார், சாவி ஒயர் பார்த்தார், இரண்டும் நல்லாயிருந்தன. பேட்டரியை மாட்டிவிட்டுக் கனெக்டருக்கு அந்தப் பக்கம் குத்தினார். முள் படுத்துவிட்டது.

"இந்தப் பக்கம் இருக்குது. அந்தப் பக்கம் இல்ல. அப்பத் திருடன் நடுவுல உக்காந்திருக்கறான்."

கனெக்டரைப் பிரித்துக் குனிந்து பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன்.

உள்ளே இரண்டு செம்புத் தகடுகள், ஒரு முகத்தில் இரண்டு கண் மாதிரி இருக்கும். பூஜையன்று அதைப் பார்த்து எனக்கு ஆசை வந்துவிட்டது. வண்டிக்கு உயிரே இதுதானே என்று இரண்டு கண்ணுக்கும் தாராளமாகச் சந்தனம் அப்பி, மேலே குங்குமம் வைத்துக் கும்பிட்டிருந்தேன். அது காய்ந்து, தகட்டின்மேல் தோல் மாதிரி இறுகியிருந்தது. மீட்டர் முனை அதைக் கீறிக்கொண்டு போனது. கரண்டால் போக முடியவில்லை. என் வண்டியை நான்தான், பக்தியோடு, கொன்றிருக்கிறேன்.

முள்ளுக்காரர் கட்டைவிரலால் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார். என்னைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். உட்கார்ந்தபடியே கொஞ்சம் திரும்பி, கனெக்டரைத் தன் முதுகால் மறைத்துக்கொண்டார். உப்புக்காகிதத்தால் தேய்த்துச் சட்டை முனையால் துடைத்து மாட்டினார். பிறகு எழுந்து, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"என்ற தப்புங்க. போன வாரம் நாந்தான் கனெக்டரக் கழட்டுனேன். சரியா இறுக்காம உட்டுட்டேன்."

அந்த வாயிலிருந்து அந்த வார்த்தையை யாரும் எதிர்பார்க்கவில்லை. நான் சாவியைத் திருப்பினேன். முன்னால் வெளிச்சம் வந்தது. வாய் திறந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கைப்பிடியை முறுக்கினேன். நாலு நாள் காத்திருந்த எலுமிச்சம்பழம் நசுங்கித் தெறித்து மாமாவின் வெள்ளை வேட்டியில் போய் விழுந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் நாமக்கல் போய்ச் சேர்ந்தேன்.

ஊருக்கு அன்றிலிருந்து ஒரு விளையாட்டுக் கிடைத்தது. முள்ளுக்காரர் குடையை மடக்கினால், டீக்கடையில் டம்ளரை வைத்தால், "இறுக்கியாச்சுங்களா?" என்று ஒரு குரல் வரும். "இறுக்கியாச்சு சாமி" என்று முகம் மாறாமல் சொல்லிவிட்டுப் போவார். தன் வாசகத்தை மட்டும் அதற்கப்புறம் அவர் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "சந்தனம்னு சொல்லியிருந்தா, பொம்பளைக்கு வண்டி வச்சுக்கத் தெரியலைன்னு அன்னைக்கே ஏத்தியிருப்பாங்க. என்னையச் சொன்னா ரெண்டு நாளைக்குச் சிரிப்பாங்க, அவ்வளவுதானுங்க" என்றார்.

"ரெண்டு வருஷமாச் சிரிக்கறாங்களேங்க."

"முள்ளுக்குத் தெரியுமுங்க" என்று மீட்டரைத் தட்டிக் காட்டினார்.

நான் ஆஞ்சநேயரிடம் ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்லி அழுதிருக்கிறேன். மேலே கூரையில்லாமல் நிற்கிற சாமி. என் அழுகை எப்படியும் நாலு திசைக்கும் கேட்டிருக்கும் என்று சமாதானம் செய்துகொள்வேன். யாருக்கும் கேட்கவில்லை. இந்த வருஷ நோன்பிக்கு லைட் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். கனெக்சன் இறுக்கத் தெரியாதவர் என்று கோயில் கூட்டத்தில் காரணம் சொன்னது எங்கள் மாமாதான். இதற்குமேல் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் விளக்கு எரிவதில் அர்த்தமில்லை. மாமா இந்தப் பத்திரிகையை வாராவாரம் வாங்குகிறவர். படிக்கட்டும். வண்டி இப்போதும் என் வாசலில்தான் நிற்கிறது. கயிறு இருந்தால் கொண்டு வரட்டும்.

இந்த ஆயுத பூஜைக்கு முள்ளுக்காரர் வீட்டுக்குப் போய் அந்த மீட்டரைக் கேட்டேன். யாருக்கும் கழற்றிக் கொடுக்காதவர் கழுத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். பூஜையில் வைத்து ஒரே ஒரு பொட்டு வைத்தேன், கண்ணாடியை விட்டுத் தள்ளி, முள் ஆடுகிற இடம் மறையாமல்.

படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம், என் மானத்துக்காக ஒரு வார்த்தை குறைக்கவும் வேண்டாம். சந்தனத்தைச் சந்தனமென்றே சொல்லுங்கள். அந்தக் கனெக்டரை அவர் இறுக்கித்தான் மாட்டியிருந்தார்.