அம்சவள்ளி டீச்சரின் கயாக் படை

பொறுக்க முடியாமல்தான் அம்சவள்ளி டீச்சர் விசிலை ஊதினார். ஒன்பது மணிக்குக் கிளம்ப வேண்டிய படகுகள் ஒன்பதரைக்கும் கரையிலேயே கிடந்தன. கைடைக் காணோம்.

கடலில் ஓட்டுகிற கயாக் படகுகளை மலையேற்றிக் கொண்டுவந்து, கரியாலூர்ப் பக்கம் ஓர் ஏரியில் விட்டிருந்தார்கள். துடுப்புப் போட்டு அக்கரை சேர்ந்து, அங்கிருந்து அருவிவரை நடக்க வேண்டும். அம்சவள்ளி ரிஷிவந்தியத்தில் முப்பத்திரண்டு வருடம் பி.டி. டீச்சராக இருந்து, போன மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தார். "இனிமே வூட்ல உக்காந்து சீரியல் பாரு" என்று அண்ணி சொன்ன அன்றைக்கே இந்தப் பயணத்துக்குப் பதிந்துவிட்டார்.

விசில் சத்தம் கேட்டு மற்ற ஆறு பேரும் ஓடிவந்து அவர் முன்னால் நின்றார்கள்.

"நீங்கதான் கைடுங்களா?" என்றார் சங்கராபுரத்து விவசாயி சுப்புராயன்.

"இல்லீங்க, நான் வந்து..."

"நான் அப்பவே சொல்லல?" என்றாள் அவர் மனைவி கமலா. "நிக்கிற நிலையைப் பாரு. இவங்களோட பயமில்லாம போலாம்."

சென்னையிலிருந்து வந்திருந்த நால்வரும் கைதட்டினார்கள். ஒரு மாதமாக அம்சவள்ளி சொன்னதை வீட்டுப் பூனைகூடக் கேட்கவில்லை. அந்தக் கைதட்டல் இனித்தது. மறுக்க வேண்டிய நேரம் கடந்துபோனது.

"லைஃப் ஜாக்கெட் மாட்டுங்க. படகுக்கு ரெண்டு பேர்."

அப்போது பெரிய மீசைக்காரர் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "மேடம், பஸ்ஸு மலையில நின்னுபோச்சு..."

"காரணம் சொல்லாதீங்க. என் படகுல முன்னாடி உக்காருங்க."

"அது இல்லீங்க மேடம், நான்..."

"உக்காருங்கன்னேன்."

மீசைக்காரர் உட்கார்ந்தார்.

அம்சவள்ளிக்குத் துடுப்புப் போடவும் தெரியாது, நீச்சலும் தெரியாது. படகு இருந்த இடத்திலேயே சுற்றியது.

"வார்ம் அப்" என்றார் கம்பீரமாக. மற்ற மூன்று படகுகளும் பயபக்தியோடு சுற்றின. சுற்றியதில் இரண்டு மோதிக்கொண்டன.

மோதாமல் இருக்க, "பக்கத்துப் படகை இறுக்கிப் புடிச்சிக்குங்க" என்றார். நான்கும் சேர்ந்து ஒரே தெப்பமாயின. துடுப்புப் போட ஆளில்லை. காற்று தெப்பத்தை அக்கரையின் கோரைப்புதருக்குள் தள்ளிக்கொண்டுபோய்ச் சொருகியது.

"இறங்குங்க. இதான் குறுக்கு வழி."

முழங்கால்வரை சேறு. கமலாவின் ஒரு செருப்பு உள்ளேயே போய்விட்டது. எதிரே பாதை என்று ஒன்றும் இல்லை, பாறையும் முள்ளும்தான். அம்சவள்ளி சுற்றிலும் பார்த்தார். ஏழு பேரைக் காட்டில் தொலைத்துவிட்டால் யாருக்குப் பதில் சொல்வது?

"மேடம்" என்றார் மீசைக்காரர்.

"வரிசையில வாங்க. பேச்சு வேணாம்."

சத்தம் அடங்கியதும் தூரத்தில் தண்ணீர் விழும் ஓசை கேட்டது. அந்த ஓசையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். பின்தங்கியவர்களைக் கைகொடுத்துத் தூக்கினார். கமலாவுக்குத் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு முன்னால் நடந்தார். முக்கால் மணி நேரத்தில் பாறையின் உச்சிக்கு வந்தார்கள். காலடியில் அருவி விழுந்துகொண்டிருந்தது. அதற்கப்பால் கள்ளக்குறிச்சி வரைக்கும் சமவெளி பச்சையாய் விரிந்துகிடந்தது.

"எல்லாரும் கீழ நின்னு பாப்பாங்க. நம்மள மேல கூட்டியாந்துட்டாங்களே" என்றார் சுப்புராயன்.

திரும்பும்போதுதான் அம்சவள்ளிக்குப் பிடிபட்டது. இரண்டு முனையும் அகலமாக இருக்கிற இந்தத் துடுப்பைப் போடுவது வேறொன்றுமில்லை, மார்ச் பாஸ்ட்தான். விசிலை வாயில் வைத்தார். லெஃப்ட், ரைட், லெஃப்ட், ரைட். எட்டுத் துடுப்புகளும் ஒன்றாக விழுந்து எழுந்தன. நான்கு படகுகளும் நூல் பிடித்ததுபோல் ஏரியைக் கிழித்துக்கொண்டு கரையேறின.

கரையில் எல்லாரும் சேர்ந்து அவரைத் தூக்காத குறைதான். பாராட்டு கூடக் கூட அம்சவள்ளிக்கு நெஞ்சு உறுத்தியது.

"மன்னிச்சிடுங்க. நான் கைடு இல்ல, ரிட்டயரான பி.டி. டீச்சர். உங்களாட்டம் டிக்கெட் வாங்கினு வந்தவதான். படகுல ஏறுனதே இன்னைக்குத்தான்."

"அப்ப கைடு யாருங்க?" என்றாள் கமலா.

மீசைக்காரர் மெல்லக் கையைத் தூக்கினார். "நான்தாங்க. எனக்கும் இன்னைக்குத்தான் மொத நாளு. நாளைக்கும் வர முடியுங்களா, டீச்சர்?"