கோபம் வளர்த்த சங்கம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்த பெரிய காரியத்தை எங்கள் குத்துச்சண்டைச் சங்கம்தான் செய்தது. மேடையேறுபவருக்குக் கோபம் நல்லதா, கெட்டதா என்று தீர்மானிக்கக் கூட்டம் போட்டது. செயலாளர் என்ற முறையில் பிஸ்கட் ஏற்பாடு என்னுடையது.

தலைவர் முழங்கினார்: "கோபம் வந்தாத்தான் ரத்தம் சூடாகும். ரத்தம் சூடானாத்தான் கை பேசும்!"

தலைவர் வாழ்நாளில் கையுறை மாட்டியவர் அல்லர். ஆகவே அவர் கருத்தில் அனுபவத்தின் களங்கம் துளியும் இல்லை.

சிக்கல், எங்கள் வீராங்கனைதான். பஞ்சர் கடையில் வேலை. டியூபில் ஓட்டை தேடுவதுபோலவே எதிராளியிடமும் பொறுமையாகத் தேடுவாள். அகப்பட்டதும் ஒரே குத்து. 'பச்சைத்தண்ணி' என்றே பெயர். அவளுக்குப் பயிற்சி தரும் சித்தப்பா மட்டும், "கோபம் வந்தா கண்ணை மறைச்சிடும் சார்" என்றார். சம்பளம் வாங்காதவர் பேச்சு என்பதால் அது குறிப்பில் ஏறவில்லை.

இறுதிப் போட்டியன்று தலைவர் அவள் காதருகே குனிந்தார். "மனசைத் தேத்திக்கம்மா. எதிராளிப் பொண்ணு உன் தம்பியை நொண்டின்னு சொல்லிச் சிரிக்குறா."

தம்பிக்கு ஒரு கால் சற்றுக் குட்டை. அவனைத் தோளில் சுமந்து பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவள் அவள்.

"அவளா சொன்னா?"

"என் காதால கேட்டேன்."

"நானும் கேட்டேன்" என்று முறைப்படி வழிமொழிந்தேன்.

திட்டம் மகத்தான வெற்றி. மணி அடித்ததும் பாய்ந்தாள். இடது, வலது, மறுபடி வலது. காற்றுக்குப் படுகாயம். "கையை ஏத்தும்மா! முகத்தை மூடு!" என்று சித்தப்பா தொண்டை கிழியக் கத்தினார். அவள் காதில் விழவில்லை. திறந்து கிடந்த முகத்தில் எதிராளி ஒன்று வைத்தாள். மூக்கு உடைந்தது. நடுவர் போட்டியை நிறுத்தினார்.

உடை மாற்றும் அறையில் தலைவர் ஆய்வு முடிவை வெளியிட்டார்: "கோபம் பத்தலை."

அந்த நேரம் பார்த்து எதிராளிப் பெண், கையில் ஐஸ் பையோடு உள்ளே வந்தாள். "ரொம்ப வலிக்குதாக்கா?"

"என்னை எவ்வளவு வேணா அடி. என் தம்பியை ஏன் அப்படிச் சொன்னே?"

அந்தப் பெண் விழித்தாள். "உங்களுக்குத் தம்பி இருக்கானா?"

சித்தப்பா எங்களைப் பார்த்தார். நான் மின்விசிறியின் இறக்கைகளைப் பரிசீலிக்கத் தொடங்கினேன்.

மூக்கில் பஞ்சோடு எழுந்த பச்சைத்தண்ணி, நிதானமாகத் தலைவர் முன் வந்து நின்றாள். ஒரு பெருமூச்சு விட்டாள். தோள்கள் தளர்ந்தன.

"கோ... கோபப்படாதம்மா" என்றார் தலைவர், சுவரில் ஒட்டிக்கொண்டு.

"கோபமெல்லாம் இல்லைங்க சார். கோபத்துல அடிச்சாக் குறி தப்புதுன்னு இப்பத்தானே தெரிஞ்சுது."

தப்பவில்லை.

'உணர்ச்சிவசப்படாமல் அடித்த' குற்றத்துக்காக அவளை ஓராண்டு விலக்கி வைத்தோம். தலைவருக்குப் பாராட்டு விழா எடுத்தோம். தாடையில் கட்டோடு அவர் வீற்றிருக்க, நான் மனமுருகிப் பேசினேன்: "இத்தனை வருஷம் இந்தச் சங்கத்துக்கு வந்த குத்துகளையெல்லாம், தமக்கென்று ஒன்றுகூட வைத்துக்கொள்ளாமல், பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்கே வாரி வழங்கிய வள்ளல் இவர்!"