சித்தி வீட்டுச் சுவரில் சிவப்பு எண்

ஒழுங்காக வேலை செய்கிறவனைப் போல ஊருக்கு ஆபத்தானவன் கிடையாது. நான் மிகவும் ஒழுங்கானவன்.

அப்போது ஆராய்ச்சி மாணவன். திருச்சி எப்படிப் பெருகுகிறது, பிழைக்க வந்தவர்கள் ஆற்றோரத்தில் எங்கே வீடு கட்டுகிறார்கள், வெள்ளம் வந்தால் அவர்கள் கதி என்ன என்பது என் தலைப்பு. ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையை ஒட்டிய ஒரு புதுத் தெருவை எடுத்துக்கொண்டேன். ஒரே வீட்டில் இரண்டு தடவை கேள்வி கேட்டுவிடக் கூடாதே என்று, வண்டிகள் வந்து சுவரை மறைப்பதற்குள், விடிந்தும் விடியாததுமாக ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எண் எழுதினேன். சிவப்பு பெயிண்டில், வட்டம் போட்டு. (அடியில் ஸ்கேல் வைத்து ஒரு கோடும் உண்டு.) மூன்றாவது, மங்களம் சித்தி வீடு. சொந்தம் என்று விட்டுவிட்டால் அது என்ன ஆராய்ச்சி?

அன்று சித்தி மகள் கவிதாவுக்குப் பூ வைக்க மண்ணச்சநல்லூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். டைரியிலேயே குறித்திருந்தேன்: 10.30, பூ வைத்தல்.

குளித்து உடை மாற்றிப் பத்தே முக்காலுக்குத் தெருவுக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். ஏழாம் எண் வீட்டுக்காரர் பீரோவைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு அம்மா வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். ஆக்கிரமிப்பு என்று வீடு இடிக்க வருகிறவர்கள் முதலில் சிவப்பு பெயிண்டில்தான் எண் போடுவார்களாம். ஊருக்கே தெரிந்த விஷயம், ஆராய்ச்சியாளனுக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளை வீட்டு வேன் சித்தி வாசல் வரை வந்து, சுவரைப் பார்த்துவிட்டு, யாரும் இறங்காமலேயே திரும்பியிருந்தது.

சித்தி சத்தம் போடவில்லை.

"எழுதினது நீதானேடா?"

கவிதா பட்டுப்புடவையோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். (கிடைத்த பட்டங்களை டைரியில்கூட எழுதவில்லை.) பீரோ இறங்கியது. பிறகு சித்தப்பா என்னை இழுத்துக்கொண்டு மண்ணச்சநல்லூர் போனார். மாப்பிள்ளையின் அப்பா ரைஸ்மில்காரர். இது இடிக்கிற எண் இல்லை, கல்லூரி வேலை என்று படிவங்களை விரித்துக் காட்டினேன். அவர் முகம் தெளிந்தது. போதும், எழுந்திரு என்று சித்தப்பா என் தொடையில் தட்டினார். அதற்குள் மில்காரர் கேட்டுவிட்டார்.

"அப்ப எதுக்குத் தம்பி அந்த நம்பரு?"

"வெள்ளம் வந்தா எந்த வீட்டுல முதல்ல தண்ணி புகும்னு பாக்குறதுக்குங்க."

"பொண்ணு வீடு?"

"முதல் வரிசையிலயே வருதுங்க."

சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார். (கேட்டால் சரியாகச் சொல்ல வேண்டாமா?) மில்காரர் படிவத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"அப்ப மழைக்கு முன்னாடியே பொண்ண அழைச்சிட்டு வந்துடலாம்ப்பா."

தையில் வைக்க நினைத்த கல்யாணம் ஆவணியிலேயே நடந்தது. மாப்பிள்ளை இன்றுவரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் படியேறினால் போதும், உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்: "கவிதா, வெள்ள நிவாரணம் வந்திருக்காரு. காபி போடு."