முன்னோர் ஓங்கிய குடை

அன்புள்ள மைத்துனருக்கு,

உன் அத்தான் எழுதுவது. நான் இங்கே நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஆகவே, நீயும் உன் வீட்டாரும் ஐந்து நாளாக உன் வீட்டில் இருக்கும் உன் அக்காவும் நலமாக இருக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அக்காவைத் திருப்பி அனுப்பி வை. அவள் உன்னிடம் சொன்னதில் தப்பு ஒன்றும் இருக்காது. ஆனால் முழுப் பாடமும் படித்தால்தான் நீ மதிப்பெண் போட முடியும். மாடி வீட்டுப் பல் டாக்டர் வாசலை அடைத்துக் காரை நிறுத்துவார், கீழ்வீட்டுத் தையல்காரர் கத்துவார், ஞாயிறு காலை இருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். முப்பத்து நான்கு வருடம் உயிரியல் நடத்தியவன் சும்மா இருக்கலாமா? குடையும் கையுமாகப் போய், இடத்துக்காக அடித்துக்கொண்டவர்களின் வாரிசுகளே அதிகம் பிழைத்திருக்கலாம், அதனால்தான் கோபம் ரத்தத்தில் ஊறியிருக்கிறது என்றொரு கருத்து உண்டு என்று பொறுமையாக விளக்கினேன். 'நம்ம முன்னோர்' என்று சொல்லியிருக்க வேண்டும். மரியாதை கருதி, "உங்க முன்னோர் மரத்துல இருந்தப்பவே இப்படித்தான் டாக்டர்" என்றேன். "யாருய்யா மரத்துல இருந்தது? எங்க தாத்தா ரயில்வேயில இருந்தாரு" என்றார். தையல்காரரும், "வாத்தியாருக்கு வாய் நீளம்" என்று அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். ஒரே நிமிடத்தில் அவர்கள் ஒரு கூட்டம், நான் வேற்றுக் கூட்டம். இதுவும் பாடத்தில் உண்டு. டாக்டர் என் தோளைத் தள்ளினார். குடை எப்படி உயர்ந்தது என்று எனக்குத் தெரியாது. கார்க் கண்ணாடிக்குத் தெரியும்.

வீட்டில் உன் அக்கா, "ஏங்க, அறுபத்தாறு வயசுல அடிதடியா?" என்றாள்.

"நான் அடிக்கலைம்மா. பல லட்சம் வருஷம் அடிச்சிருக்கு."

"அதே முன்னோர்தானே கூடி வேட்டையாடி, பங்கு போட்டுத் தின்னாங்க? அது மட்டும் உங்களுக்கு வராதா?"

விடை தெரியாத வாத்தியார் என்ன செய்வார்? உதாரணத்துக்குத் தாவினேன். "உதாரணத்துக்கு உங்க அப்பாவையே எடுத்துக்கோ" என்று, சினிமா டிக்கெட் வரிசையில் நடுவில் புகுந்தவரின் காதை அவர் கடித்த கதையைச் சொன்னேன். அவள் பெட்டியை எடுத்தாள்.

காரணம் வேறு, சாக்கு வேறு என்று பிள்ளைகளுக்கு அடித்துச் சொன்னவன் நான் (வாயால்தான்). இப்ப காரணத்தையே சாக்கா ஆக்கிட்டு, தனியா உக்காந்திருக்கேன். குக்கர்ல எத்தனை விசில் விடணும்னுகூடத் தெரியல. ஒரு நாள் சோறு குழையுது, ஒரு நாள் விறைச்சுக்கிட்டு நிக்குது. திட்டறதுக்காவது ஒரு ஆள் வேணும்டா. முன்னோர் ஒருத்தரும் வரல. இனிமேல் குடையைத் தொட மாட்டேன், குரங்கைப் பற்றிப் பேச மாட்டேன், உதாரணமே சொல்ல மாட்டேன் என்று அவளிடம் சொல்.

குழந்தைகளுக்கு ஆசிகள். உன் மனைவிக்கு என் அன்பு. உன் அப்பா படத்தின் முன்னால் என் சார்பில் ஒரு மன்னிப்பு.

இப்படிக்கு,
வாய் நீண்ட உன் அத்தான்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போட இறங்கினேன். வாசலில் மறுபடியும் அதே கார். அக்காவை இன்னும் நான்கு நாள் அங்கேயே வைத்துக்கொள். என் உதட்டு வீக்கம் வடியட்டும். ஒரு பல் ஆடுகிறது, பக்கத்தில் பல் டாக்டர் என்றால் அவர் ஒருவர்தான். அவளை அனுப்பும்போது புதுக் குடை ஒன்றும் கொடுத்தனுப்பு. மழைக்கு என்று சொல்.